இருபது ஸ்டாம்பின் முதுகு

9 ஜூன் 1997, திங்கள்

வீட்டுக்காரி நாகர்கோவிலுக்குப் போய் இன்றோடு நாலு நாள். எங்கள் மகள் வடிவின் வீட்டில் தங்கியிருக்கிறாள். முழங்கால் வலிக்கு அங்கே நல்ல எண்ணெய் வைத்தியர் ஒருவர் இருக்கிறாராம். அதற்கு இவ்வளவு சாமான் எதற்கு என்றுதான் தெரியவில்லை. சுவரில் மாட்டியிருந்த அவளுடைய அப்பா படத்தையும் கழற்றிக் கொண்டுபோயிருக்கிறாள். முழங்காலுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்? கண்ணாடி மாற்றக் கொண்டுபோயிருக்கலாம். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

காலையில் ரசம் வைத்தேன். முப்பத்தோரு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன், பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ஒரு தராசையும் பொய் சொல்ல விடாதவன். உப்பைப் பழைய சோதனைத் தராசில் நிறுத்துத்தான் போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. எவ்வளவு போடவேண்டும் என்று தெரியாதவனுக்குத் தராசு என்ன செய்யும்.

10 ஜூன், செவ்வாய்

ஜூலை 26இல் ஸ்டாம்பு சங்கத்தின் கண்காட்சி. என் பங்கு பதினாறு தாள். தலைப்பு: ‘காசு செத்த வருஷம் – ஜெர்மனி 1923’. ஒவ்வொரு தாளுக்கும் கீழே விளக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

இந்தச் சேகரிப்பை யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை. அந்த வருஷம் அங்கே காலையில் விற்ற ரொட்டி விலை சாயங்காலம் கிடையாது. தபால் கட்டணம் வாரத்துக்கு வாரம் ஏறியது. ஸ்டாம்பில் சைபர் போடப் போட அதன் மதிப்பு இறங்கியது. கடைசியில் ஒரே ஸ்டாம்பில் ஐயாயிரம் கோடி. ஒட்டாமல் புதிதாகவே தங்கிவிட்ட ஸ்டாம்பு இன்றைக்கும் குப்பை விலைதான். கடிதத்தில் ஒட்டி, முத்திரை குத்துப்பட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததற்குத்தான் மதிப்பு. அதனால் பொய் முத்திரை குத்தி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பொய் முத்திரையைப் பிடிப்பது என் உத்தியோகமாக இருந்ததால்தானோ என்னவோ, இதில் விழுந்தேன்.

அவளிடம் இதைப் பதினாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன். “சரி, சாப்பிட வாங்க” என்பாள்.

12 ஜூன், வியாழன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. நாகர்கோவிலிலிருந்து போனும் வரவில்லை.

16 ஜூன், திங்கள்

கடுகு தேடினேன். அஞ்சறைப் பெட்டி இருக்கும் தட்டில் ஒரு காகிதம் விரித்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் நான் கொடுத்த ஜெராக்ஸ். இரண்டு பக்கமும் தெளிவாக, பத்து ரூபாய் செலவழித்து நல்ல தாளில் எடுத்துக் கொடுத்தது. அதன்மேல் மஞ்சள் கறை.

என்ன ஜெராக்ஸ் என்று எழுதிவிடுகிறேன், பின்னால் எனக்கே மறந்துபோகும். என் மாமனார் 1923இல் பெர்லினில் சாயத்தொழில் ரசாயனம் படித்தார். நம் காசுக்கு அங்கே மதிப்பு இருந்த காலம், பல பிள்ளைகள் போனார்கள். அங்கிருந்து ஊருக்கு அவர் போட்ட கடித உறை ஒன்று எங்களிடம் இருந்தது. அதை இந்த ஒன்றாம் தேதி டாக்டர் ஜெபமணியிடம் மாற்றிக்கொண்டேன். ஜெபமணி பல் டாக்டர், சங்கத்துச் செயலாளர், என்னைப்போலவே பைத்தியம். பதிலுக்கு அவர் கொடுத்தது, பழைய விலைமேல் புது விலை அச்சடித்த ஒரு ஸ்டாம்பு. ஜெர்மன் நிபுணர் பின்னால் கையெழுத்துப் போட்டு உத்தரவாதம் கொடுத்தது. அது இல்லாமல் என் பதினாலாம் தாள் வெறுமையாகக் கிடந்தது.

உறைக்கு நகல் எடுத்துத்தான் அவளிடம் கொடுத்தேன். ஏமாற்றவில்லை. அதில் கடுகு டப்பா வைத்திருக்கிறாள்.

20 ஜூன், வெள்ளி

வடிவுக்கு நானே போன் போட்டேன்.

“அம்மைக்கு முழங்கால் எப்படி இருக்கு?”

“முழங்காலுக்கு என்ன? நேத்து மாடி ஏறி வத்தல் காயப்போட்டா.”

“அப்ப என்னைக்கு வாரா?”

“அப்பா, நீங்க என்ன செஞ்சிய?”

“நான் என்ன செஞ்சேன்? அவ ஒண்ணும் சொல்லலியே.”

“சொல்ல மாட்டா. ‘அது கைக்கு வந்தா நானும் வாரேன், இல்லைன்னா இங்கேயே இருந்துக்கிடுதேன்’ங்கா. எதுன்னு கேட்டா பதில் இல்லை.”

இணைப்பு தானாக அறுந்துவிட்டது. இல்லை, நான்தான் வைத்தேன்.

குழப்பமாக இருக்கிறது. அறுபத்தாறு வயது மனிதனை ஒரு காலி உறைக்காக விட்டுவிட்டுப் போவார்களா? உள்ளே கடிதம்கூட இல்லை. கடிதமெல்லாம் அவள் தாத்தாவுக்கு எழுதியது, என்றோ செல்லரித்துப் போயிற்று.

24 ஜூன், செவ்வாய்

பக்கத்து வீட்டு அம்மாள் சாம்பார் கொடுத்தனுப்பினாள். “அக்கா எப்ப வாரா?” என்று கேட்டதற்கு, வைத்தியர் மண்டலக் கணக்குச் சொல்லியிருப்பதாகச் சொன்னேன்.

சாம்பார் சாப்பிடும்போது ஒன்று ஞாபகம் வந்தது. எழுதாமல் விட்டால் நேர்மையில்லை. உறை ஒன்றல்ல, இரண்டு. 1981இல் என் மாமியார் இறந்த பதினாறாம் நாள் ஒரு பிஸ்கட் டப்பாவில் வந்தன. “ஒண்ணு நீங்க எடுத்துக்கிடுங்க, ஒண்ணு எனக்கு” என்றாள். அப்போது எனக்கு ஸ்டாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் பங்கைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் போட்டேன். இருபது ஸ்டாம்பும் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. உறைக் காகிதத்தைக் குப்பையில் போட்டேன். விவரம் தெரிந்தவன் எவனும் செய்யாத காரியம். உறையோடு இருந்தால்தான் அது கடிதம் போனதற்குச் சாட்சி. இரண்டு வருஷம் கழித்து அது தெரிந்தபோது ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அந்த இருபதில் தொடங்கியதுதான் இந்தச் சேகரிப்பு. ஏழாம் தாளில் இருக்கின்றன.

ஆக, ஜெபமணிக்குப் போனது அவளுடைய பங்கு. அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் கேட்கவில்லை.

25 ஜூன், புதன்

ஏழாம் தாளுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. பழைய சந்தேகம் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.

முதல் உறை நவம்பர் 9ஆம் தேதி போட்டது. வெளிநாட்டுக் கடிதத்துக்கு அன்றைய கட்டணம் நானூறு கோடி மார்க். மாமனார் இருபது கோடி ஸ்டாம்பு இருபது ஒட்டியிருக்கிறார். நூறு கோடி ஸ்டாம்பு இருந்தது, நாலு போதும். சரி, தட்டுப்பாடு என்று எழுதிவிடலாம். இரண்டாவது உறை நவம்பர் 17. எட்டே நாளில் கட்டணம் பத்து மடங்கு, நாலாயிரம் கோடி. அதற்கு இரண்டாயிரம் கோடி ஸ்டாம்பு இரண்டு போதும். அவர் இருநூறு கோடி ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறார். எத்தனை? மறுபடியும் இருபது.

விலை எங்கேயோ போகிறது, எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. இரண்டு உறையிலும் பின்பக்கம் முழுக்க, ஓர் இடுக்கு விடாமல், நாலு வரிசை ஐந்து பத்தி. ரசாயனம் படித்த மனிதர், கணக்குத் தெரியாதவர் இல்லை.

எனக்குத் தலை சுற்றுகிறது. பட்டினியாலும் இருக்கலாம்.

28 ஜூன், சனி

ஸ்டாம்புகளைப் புதுத் தாளுக்கு மாற்றக் கழற்றினேன். பின்பக்கம் ஊதாக் கறை. பூஞ்சையோ என்று பகீரென்றது. ஒன்றில் இல்லை, பன்னிரண்டு பதின்மூன்றில்.

பூஞ்சை இல்லை. பூஞ்சை புள்ளியாக வரும். இது கோடு.

29 ஜூன், ஞாயிறு

காலை முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கவில்லை.

ஆபீசில் நாங்கள் வைத்திருந்த காப்பியிங் பென்சில் ஞாபகம் வந்தது. எழுதும்போது கறுப்பாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாகி ஒட்டுவதில் எல்லாம் ஏறிக்கொள்ளும். அந்த உறைக் காகிதத்தில் யாரோ அதால் ஏதோ எழுதி, அதன்மேல் ஸ்டாம்பை நக்கி ஒட்டியிருக்கிறார்கள். 81இல் தாம்பாளத்துத் தண்ணீர் லேசாக ஊதாவானது. முத்திரை மை கரைகிறது என்று நினைத்தேன். காகிதத்தில் கிறுக்கல் இருந்ததும் ஞாபகம் வருகிறது. தபால் குமாஸ்தா கூட்டல் போட்டுப் பார்த்திருப்பான் என்று கசக்கி எறிந்தேன்.

ஜெபமணி எனக்கு ஒரு பல் கண்ணாடி கொடுத்திருந்தார், நீளக் காம்பில் வட்டமாக இருக்குமே, அது. ஒட்டி ஏறிய எழுத்து இடவலம் மாறித்தானே இருக்கும் என்று அதைப் பிடித்து ஒரு ஸ்டாம்பின் முதுகைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ‘ன்’ தெரிந்தது. தமிழ் ‘ன்’.

பெர்லினில் எந்தக் குமாஸ்தா தமிழில் கூட்டல் போடுவான்?

30 ஜூன், திங்கள்

ஒரு ஸ்டாம்பில் ‘வெட்க’. இன்னொன்றில் ‘தரம்’. மற்றொன்றில் வெறும் ஒற்றைக்கொம்பு. எது எதற்குப் பக்கத்தில் என்று தெரியவில்லை. அழகுக்காக நிறம் பார்த்து மாற்றி மாற்றி ஒட்டிவைத்தவன் நானேதான். கோபத்தில் என்னை நானே திட்டிக்கொண்டேன், பதில் சொல்ல ஆள் இல்லை.

2 ஜூலை, புதன்

முத்திரை! வட்ட முத்திரை ஒரு ஸ்டாம்பில் பாதி, அடுத்ததில் பாதி விழுந்திருக்கிறது. முன்பக்கம் வட்டத்தை வட்டத்தோடு சேர்த்தால் பழைய வரிசை கிடைக்கும். ஒன்பது ஸ்டாம்பு அப்படியே உட்கார்ந்துவிட்டன.

மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். நல்ல பசி.

5 ஜூலை, சனி

பத்தொன்பது சேர்ந்துவிட்டது, மிச்சம் தானாக விழுந்தது. அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்துக் கவிழ்த்து, பல் கண்ணாடியால் வரிசையாகப் படித்தேன். பாதிக்குமேல் கரைந்துபோயிருக்கிறது. நான் கரைத்தது. மிச்சம் இருப்பது இவ்வளவுதான்:

‘…ங்கே தமிழ் அறிந்தவர் ஒருவரும் இல்… … …ம் வீட்டில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வெட்க… … … நேற்று ஆற்றங்கரையில் நின்று உன் பேரை மூன்று தரம் உரக்க… … ஒருவரும் திரும்பிப் பார்க்க… …’

அவ்வளவுதான். நாளை எழுதுகிறேன்.

6 ஜூலை, ஞாயிறு

என் மாமியார் சொல்வாளாம், என் மனைவி சொல்லி நான் கேட்டிருக்கிறேன்: “உள்ள இருந்தது எங்க மாமனாருக்கு. வெளிய இருக்கது எனக்கு.” பூவேலை போட்ட ஸ்டாம்பு அழகாக இருக்கிறது, அதைச் சொல்கிறாள் கிழவி என்று நான் சிரித்தேன். என் மனைவியும் என்னோடு சிரித்தாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அவள் சிரித்த மாதிரி ஞாபகம் இல்லை.

கூட்டுக் குடும்பம். கடிதத்தை என் மாமியாரின் மாமனார் பிரித்து எல்லோர் முன்னாலும் வாசிப்பார். பெண்டாட்டிக்குத் தனியாகக் கடிதம் போடுவது அந்த வீட்டில் நடக்கிற காரியமா? எழுத இடம் தேடியிருக்கிறார் என் மாமனார். காசு செல்லாமல் போகப் போக ஸ்டாம்பு கூடியது, இடமும் கூடியது. பெரிய மதிப்பு ஸ்டாம்பு வந்து இரண்டே போதும் என்றானபோதும், சில்லறை ஸ்டாம்பாகக் கேட்டு வாங்கி இருபது ஒட்டியிருக்கிறார்.

என் ஏழாம் தாள் விளக்கத்தில் ‘உயர்மதிப்பு அஞ்சல் தலைகளுக்குத் தட்டுப்பாடு’ என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. மாமியாருக்கு இது தெரிந்திருந்தால் ஏன் ஸ்டாம்பைப் பிரித்துப் பார்க்கவில்லை?

8 ஜூலை, செவ்வாய்

ஜெபமணி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன். ‘மாற்றியது மாற்றியதுதான், திருப்பிக் கேட்கக் கூடாது’ என்பது சங்கத்தின் ஏழாவது விதி. 1988இல் நான் தலைவராக இருந்தபோது எழுதி நிறைவேற்றியது. எதிர்த்த ஒரே ஆள் ஜெபமணி.

10 ஜூலை, வியாழன்

ஜெபமணியின் கிளினிக். வரிசையில் உட்கார்ந்தேன், பல் வலிக்காரர்களோடு.

“அண்ணாச்சி, எந்தப் பல்லு?”

“பல்லு இல்லை டாக்டர். அந்த உறை.”

“விதி ஏழு நீங்க எழுதுனது.”

“அதான் திருப்பிக் கேக்கலை. புதுசா மாத்திக்கிடுவோம். ஏழாம் தாளை விட்டுட்டு மிச்சப் பதினஞ்சு தாளும் உங்களுக்கு. பதினாலாவதும் சேத்துத்தான். உறை எனக்கு.”

வாயைத் திற என்று சொல்லிவிட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். “கண்காட்சிக்கு?”

“நான் வரலை.”

“உறை படத்தை அழைப்பிதழ்லேயே போட்டாச்சு அண்ணாச்சி. அதுல அப்படி என்ன இருக்கு?”

ஸ்டாம்புக்குக் கீழே இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் எந்தச் சேகரிப்பாளனும் தரமாட்டான், நான் தரமாட்டேன். “எங்க வீட்ல கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா” என்றேன். முப்பத்தஞ்சு நாளில் இதை முதல்தடவை வாய்விட்டுச் சொன்னது ஒரு பல் டாக்டரிடம்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சம்மதித்தார். சம்மதிக்காமல் போனால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

11 ஜூலை, வெள்ளி

அலமாரியில் பதினைந்து தாள் இருந்த இடம் காலி.

அவள் பெயரை ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறேன். பென்ஷன் வாரிசுப் படிவத்தில் மூன்று பிரதி எழுதியிருக்கிறேன். கல்யாணமாகி முப்பத்தேழு வருஷத்தில் வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை. ‘ஏளா’ என்பேன், ‘இந்தா’ என்பேன். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். ஏதோ அடுத்த வீட்டுப் பெண் பெயரைச் சொன்ன மாதிரி கூச்சமாக இருந்தது.

13 ஜூலை, ஞாயிறு – நாகர்கோவில்

காலை ஏழு மணி பஸ். உறை வைத்த பிஸ்கட் டப்பாவை மடியிலேயே வைத்திருந்தேன். வள்ளியூரில் காப்பி குடிக்கக்கூட இறங்கவில்லை.

வடிவு கதவைத் திறந்து, மாடியைக் காட்டினாள். என் மனைவி அங்கே வத்தல் பிழிந்துகொண்டிருந்தாள். முழங்காலை மடித்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள், சுகமாகவே.

டப்பாவை வைத்தேன். திறந்து பார்த்தாள். கையில் மாவு, அதனால் தொடவில்லை. முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டு எடுத்தாள்.

நான் சொன்னதைவிட உளறியதுதான் அதிகம். கட்டணத்தில் தொடங்கி, முத்திரைக்குப் போய், தாம்பாளத்துக்கு வந்து, பூஞ்சைக்குப் போனேன். அவள் கையை நீட்டினாள். ஏழாம் தாள் ஸ்டாம்புகளைக் கண்ணாடித் தகட்டோடு கொடுத்தேன், பல் கண்ணாடியையும் கொடுத்தேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி, விரலை நகர்த்தி, தானாகவே வாசித்தாள். ‘ஒருவரும் திரும்பிப் பார்க்க’ என்ற இடத்தில் நின்றுவிட்டாள். மூன்று வயதில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அவர் எழுதி அவள் வாசித்தது இதுதான் முதல்.

வெயில் ஏறியது. வத்தலில் காக்காய் உட்கார்ந்தது, இரண்டு பேரும் விரட்டவில்லை.

“பாதி என்னாலதான் கரைஞ்சுபோச்சு” என்றேன். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

“உங்கம்மைக்கு இது தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாமலா சாகுத வரைக்கும் வச்சிருந்தா? அப்பா வந்ததும் சொல்லியிருப்பாவ.”

“பொறவு ஏன் பிரிச்சுப் பாக்கலை?”

“எங்கம்மைக்கு வாசிக்கத் தெரியாது.” உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பிரிச்சு யாருகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லுவா? மாமனாருகிட்டயா?”

சேகரிக்கிற பழக்கம் விடுமா. “இதை நான் கெடுக்க மாட்டேன். ஆவி காட்டி, ஒவ்வொண்ணாப் பக்குவமா எடுத்தா ஒரு எழுத்துக்கூடப் போகாது. ஒரு மணி நேரம் போதும்” என்றேன்.

“வேண்டாம்.”

“என்ன எழுதியிருக்குன்னு—”

“எங்கம்மை பாக்காததை நான் பாக்கணுமா? இருக்கட்டும்.” டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

இருநூறு கோடி ஸ்டாம்பு இருபது, அதற்குக் கீழே நாலு வரிசை எழுத்து. பார்க்காமலே நான் செத்துப்போவேன். அது எனக்கு வேண்டியதுதான் என்று பட்டது, ஆனாலும் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஊருக்கு எப்ப வார?” என்றேன்.

டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மாடியின் அந்தக் கோடிக்குப் போனாள். எனக்கு முதுகு காட்டி ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டாள். பக்கத்து மாடியில் ஒரு பெண் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். கீழே வடிவும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். தமிழ் அறியாதவர் ஒருவரும் இல்லை.

“ஆவுடை” என்றேன்.

திரும்பவில்லை. கோபமில்லை. பக்கத்து மாடிப் பெண்ணை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். என் குரலில் அந்தப் பெயர் வரும் என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் தரம் உரக்கக் கூப்பிட்டேன்.